மழைக்குப் பிறகு வட்ட வட்டமாகக் காயும் புல்தரை: கிருஷ்ணகிரி வீட்டுக்காரர் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் தனி வீடு. முன்புறம் சுமார் 600 சதுர அடிக்கு மெக்சிகன் புல் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் மஞ்சள் வட்டங்கள் வந்தன. இப்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்து முறம் அகலத்துக்கு ஆகிவிட்டன. உரக்கடையில் கேட்டு சாஃப் என்ற பூஞ்சை மருந்தை வாங்கி இரண்டு தடவை அடித்தாயிற்று. பச்சை திரும்பட்டும் என்று 2 கிலோ யூரியாவும் தூவியாயிற்று. போர்வெல் தண்ணீர், தினமும் சாயங்காலம் பாய்ச்சல். நோய் நிற்கவில்லை. நர்சரிக்காரர் மொத்தத்தையும் பெயர்த்துவிட்டுப் புதுப் புல் போடச் சொல்கிறார். என்ன செய்வது?

பெயர்க்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு. இந்த நோய்களை உண்டாக்கும் பூஞ்சைகள் மண்ணிலும், புல்லின் அடியில் சேர்ந்திருக்கும் காய்ந்த தண்டு, வேர்க் குப்பையிலும் உயிரோடு கிடக்கும். பழைய புல்லை எடுத்துவிட்டு அதே மண்ணில் புதுப் புல் ஷீட்டை விரித்து, அதே சாயங்காலத் தண்ணீரைப் பாய்ச்சினால் அடுத்த ஐப்பசியில் அதே வட்டங்கள் வரும். செலவுதான் இரண்டாகும்.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இது பூஞ்சைதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ந்த புல்லைப் பார்த்தவுடன் பூஞ்சை மருந்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருடைய தரையில் பூஞ்சையே இருக்காது. காய்ந்த இடத்தில் புல்லை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பாய் மாதிரி சுருண்டு வந்தால் வேர் இல்லை என்று அர்த்தம். அடியில் மண்ணைக் கிளறினால் வளைந்த வெள்ளை வேர்ப்புழு கிடைக்கும். மைனாவும் காக்காவும் அந்த இடத்தையே கொத்திக்கொண்டிருந்தாலும் அதே சந்தேகம்தான். நடுவில் கருகி, சுற்றிலும் அடர்பச்சை வளையம் இருந்தால் நாய் மூத்திரம். ஓர் இடம் மட்டும் எப்போதும் முதலில் வாடுகிறது என்றால் அங்கே நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள். இங்கே புது லேஅவுட் வீடுகளில் கட்டட வேலை முடிந்ததும் செங்கல் துண்டு, கான்கிரீட், ஜல்லி எல்லாவற்றையும் அப்படியே விட்டு, மேலே நாலு விரற்கடை செம்மண்ணைப் போட்டு மூடிவிடுவது வழக்கம். அந்த இடத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது, தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

உப்புத் தண்ணீர் செய்யும் கோளாறும் நம் பக்கத்தில் அடிக்கடி பூஞ்சையாகத் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் காத்திருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள ஃப்ளோரைடு மனிதர்களுக்குத் தொல்லை. புல்லுக்குத் தொல்லை தருவது தண்ணீரின் காரத்தன்மை. தொடர்ந்து பாய்ச்சினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அப்போது புது இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டு நிற்கும். வட்டமாக வராது, தரை முழுக்கவோ பட்டை பட்டையாகவோ மஞ்சளிக்கும். இதற்கு மருந்து அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்): லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம், வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்க வேண்டும். டைல்ஸிலோ சிமெண்டிலோ பட்டால் துருக்கறை போகாது, ஓரங்களில் கவனம். உங்கள் தரையில் வட்டங்கள் தெளிவாக இருப்பதால் இதுவே முழுக் காரணமாக இருக்க முடியாது. ஆனால் ஒரு மூலையில் இதுவும் சேர்ந்திருக்கலாம்.

இதெல்லாம் இல்லை என்றால் பூஞ்சை. எந்தப் பூஞ்சை என்று கண்டுபிடிக்க லேப் வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு, பனி காய்வதற்கு முன் தரைக்குப் போய்க் குனிந்து பாருங்கள். வட்டத்தின் நடுவைப் பார்க்காதீர்கள், அங்கே இருப்பது முடிந்துபோன கதை. பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் ஓரத்தில்தான் பூஞ்சை இப்போது வேலை செய்துகொண்டிருக்கும். வெள்ளைப் பஞ்சு இழை போல ஏதாவது படர்ந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சிலந்தி வலையாக இருந்தால் வெயில் ஏறிய பிறகும் நிற்கும், பூஞ்சை இழை பனியோடு சேர்ந்து காய்ந்து மறைந்துவிடும்.

பிறகு அதே ஓரத்தில் மஞ்சளான ஒரு இலைக்கொத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடுகிறதா? அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். மண்ணை ஒட்டி இலையுறை தண்டைச் சுற்றியிருக்கும் இடத்தில், அரை அங்குல உயரத்துக்குப் பழுப்பும் கறுப்புமாக நிறம் மாறி, நகத்தால் உரசினால் வழுக்கிக்கொண்டு உரிந்து வந்தால் ரைசோக்டோனியா என்ற பூஞ்சை. மெக்சிகன், கொரியன் புல் இரண்டும் ஜாய்சியா என்ற புல் இனம். அந்த இனத்தில் இது உண்டாக்கும் நோயை லார்ஜ் பேட்ச் என்கிறார்கள். மேலே இலையில் புள்ளி எதுவும் இருக்காது, தூர் மட்டும் அழுகும். நோய் பரவிக்கொண்டிருக்கும் நாட்களில் வட்டத்தின் ஓரம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகத் தெரியும். வெயில் குறைந்து மண் குளிர ஆரம்பிக்கும்போது, மழை ஈரமும் சேர்ந்தால் வரும். நீங்கள் எழுதியிருக்கும் பருவமும் வட்டம் பெருத்த விதமும் இதைத்தான் காட்டுகின்றன. இழுத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நம் மாவட்ட விவசாயிகளுக்கு இது புதிய எதிரி இல்லை. நெல்லில் வரும் இலையுறைக் கருகல் இதே ரைசோக்டோனியா இனத்தின் வேலைதான், வேறு பிரிவு. கே.ஆர்.பி. அணைப் பாசனத்தில் நெல் வைக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால், அழுகிய தூரைக் காட்டுங்கள். அவர் கண் உடனே சொல்லிவிடும்.

இழுத்தால் வராமல், இலையிலேயே காயம் தெரிந்தால் வேறு நோய். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் தொடங்கி உள்ளங்கை அளவுக்குப் போகும் வெளிறிய புள்ளிகள், ஒவ்வொரு இலையிலும் குறுக்காக வைக்கோல் நிறப் பட்டை, பட்டையின் இரு ஓரத்திலும் செம்பழுப்புக் கோடு, காலையில் வெள்ளை இழை. இது டாலர் ஸ்பாட். பட்டினி கிடக்கும் புல்லில்தான் பெரும்பாலும் வரும், தழைச்சத்து போதாத தரையில். லார்ஜ் பேட்ச்சுக்கு நேர் எதிர். 600 சதுர அடிக்கு 300 கிராம் யூரியாவைத் தூவித் தண்ணீர் விட்டால் பாதி நோய் அதிலேயே அடங்கும். வெள்ளைத் துணியால் புல்லைத் துடைத்தால் ஆரஞ்சுப் பொடி ஒட்டுகிறது என்றால் துரு நோய். மார்கழியில் வளர்ச்சி நின்ற, நிழலான இடத்துப் புல்லில் வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரிதாகக் கெடுக்காது. கொஞ்சம் உரம் போட்டு, வெட்டி அள்ளினாலே போய்விடும்.

பித்தியம் என்ற கிருமி வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இரவிலும் புழுக்கம் குறையாத, 20 டிகிரிக்குக் கீழே இறங்காத மழை நாட்களில் வரும். தருமபுரிப் பக்கத்தில் புரட்டாசி மழையில் இதற்குத் தோதான இரவுகள் உண்டு. இலை எண்ணெய் தடவியது போல வழவழவென்று கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் ஓடும் வாட்டத்திலேயே நீளக் கோடாகப் பரவும். ஒரே ராத்திரியில் ஒரு பகுதி முழுக்கப் படுத்துவிடும். தக்காளி நாற்றங்காலில் நாற்றழுகல் என்கிறோமே, அதன் காரணகர்த்தாவும் பித்தியம்தான். இது உண்மையான பூஞ்சை வகையைச் சேர்ந்தது அல்ல. அதனால் சாஃபில் இருக்கும் கார்பெண்டாசிம் எவ்வளவு அடித்தாலும் இதைத் தொடாது. மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் கலந்த மருந்துதான் இதற்கு, லிட்டருக்கு 2 கிராம். அதைவிட முக்கியம், நிற்கும் தண்ணீர் வெளியேற வழி செய்வது.

பட்டை இலை எருமைப் புல் போட்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் புல்லில் சாம்பல் நிறக் கண் வடிவப் புள்ளிகள் வந்தால், அது கேழ்வரகில் குலை நோயை உண்டாக்கும் பைரிகுலேரியா இனம். கேழ்வரகு விளையும் ஊரில் இதைக் கண்டு ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அதிக யூரியா போட்டால் அதுவும் கொழுக்கும்.

கடைசியாக, வட்டமான வளையத்தில் குடைக்காளான் முளைத்தால், அடியில் பழைய சென்ட்ரிங் பலகைத் துண்டோ மரத்தின் வேர்க்கட்டையோ மக்கிக்கொண்டிருக்கிறது. மருந்து வீண். கம்பியால் ஆழமாகக் குத்தித் தண்ணீரை இறக்குங்கள், முடிந்தால் மரத்தைத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் தரைக்கு வருவோம். ஏன் அடங்கவில்லை? என் கணிப்பில் யூரியாவும் சாயங்காலத் தண்ணீரும்தான் முதல் காரணம், மருந்து அடுத்தபடி.

600 சதுர அடிக்கு 2 கிலோ யூரியா என்பது நான் மேலே சொன்ன 300 கிராமைப்போல ஆறேழு மடங்கு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. குளிர்ந்த பருவத்தில் புல்லால் அவ்வளவையும் வாங்கி வளர முடியாது. இலை இளசாகி, நீர் கோத்து, தோல் மெலிந்துவிடும். ரைசோக்டோனியாவுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. மஞ்சளைப் பார்த்தால் உரம் போடத் தோன்றுவது இயல்புதான். டாலர் ஸ்பாட்டாக இருந்திருந்தால் அளவான யூரியா உதவியும் இருக்கும். நோயை அடையாளம் காணாமல் உரப் பையைத் திறக்கக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்குத் தீனியாகிறது. இனி தை முடியும் வரை தழைச்சத்து எந்த வடிவத்திலும் வேண்டாம். ஆட்டு எரு, கோழி எரு, பஞ்சகவ்யா எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது தண்ணீர். பூஞ்சை வளர்ந்து இலைக்குள் புக, இலை பல மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாய்ச்சினால் அந்த ஈரம் காய்வதற்குள் பனி இறங்கிவிடுகிறது. மறுநாள் எட்டு மணி வரை புல் நனைந்தே கிடக்கிறது. பதினான்கு மணி நேரம்! ஆபீஸ் விட்டு வந்து பாய்ச்சுவதுதான் வசதி என்பது புரிகிறது. ஆனால் அதிகாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் பாய்ச்சினால், எப்படியும் பனியில் நனைந்திருக்கும் இலை வெயில் வந்ததும் சேர்ந்து காய்ந்துவிடும். முடியாவிட்டால் மோட்டாருக்கு ஒரு டைமர் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு தடவை வாங்கும் மருந்து விலைதான் ஆகும். தினமும் பாய்ச்சவும் தேவையில்லை. இந்தப் பருவத்தில் ஆறேழு நாளைக்கு ஒரு முறை, மண் நாலைந்து அங்குலம் நனையும்படி பாய்ச்சினால் போதும். மழை பெய்த வாரத்தில் அதுவும் வேண்டாம்.

புல் வெட்டும்போது காய்ந்த தரையில் மட்டும் வெட்டுங்கள். நல்ல பகுதியை முதலில் வெட்டி, நோய் உள்ள பகுதியைக் கடைசியில் வெட்டுங்கள். பிறகு மெஷினின் அடிப்பக்கத்தைக் கழுவிக் காயவிடுங்கள். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டிய புல்லை இந்தப் பருவம் முழுக்கத் தரையில் விடாமல் அள்ளிவிடுங்கள்.

புல்லின் பச்சை இலைக்கும் மண்ணுக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். பழுப்பு நார்மெத்தை அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீரும் மருந்தும் அதைத் தாண்டி இறங்காது, பூஞ்சைக்கு அதுதான் குடியிருப்பு. மெக்சிகன் புல்லில் இது சீக்கிரம் சேரும். ஆனால் இப்போது வாரி எடுக்காதீர்கள், காயம் பட்ட இடமெல்லாம் நோய் பரவும். பங்குனி பிறந்து புல் வேகமாக வளரத் தொடங்கியதும் இரும்புப் பல் வாரியால் நன்றாக வாரி எடுத்து, ஃபோர்க்கால் தரை முழுக்கக் குத்தி, கழுவிய மணலும் சலித்த மண்புழு உரமும் கலந்து கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவிப் பரப்புங்கள்.

மருந்துக்கு வருகிறேன். சாஃப் என்பது கார்பெண்டாசிமும் மேன்கோசெப்பும் சேர்ந்தது. கெட்ட மருந்து இல்லை. நம் ஊர் உரக்கடைக்காரர்களுக்கு மாங்காய்க்கும் தக்காளிக்கும் மருந்து சொல்லியே பழக்கம். அந்தப் பயிர்களில் இலை நனைந்தால் போதும். உங்கள் நோய் இருப்பதோ மண்ணை ஒட்டிய தூரில். கைத்தெளிப்பானில் ஒன்றிரண்டு லிட்டர் மேலோட்டமாக அடித்தால் அங்கே ஒன்றும் போய்ச் சேராது. இழுத்துப் பார்த்ததில் ரைசோக்டோனியா என்று உறுதியானால், புரோபிகோனசோல் 25 ஈ.சி. லிட்டருக்கு 1 மில்லி. 600 சதுர அடிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கரைசல் தயார் செய்து, தூர் நனைய நிதானமாக நடந்து அடியுங்கள். வட்டத்துக்குள் மட்டும் அல்ல, வட்டத்தைச் சுற்றி இரண்டடி தூரம் பச்சையாகத் தெரியும் புல்லுக்கும் அடிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை, அப்போது மருந்தை மாற்றி அசாக்சிஸ்ட்ரோபின் 23 எஸ்.சி. லிட்டருக்கு 1 மில்லி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்ளும். புரோபிகோனசோலை அளவுக்கு மேல் கலந்தால் புல்லின் வளர்ச்சியே குன்றிவிடும், கூட ஒரு மூடி ஊற்றும் வழக்கம் இதில் ஆகாது. டாலர் ஸ்பாட் என்று தெரிந்தால் அசாக்சிஸ்ட்ரோபினுக்குச் செலவு செய்யாதீர்கள், அதற்கு அது சரிவர வேலை செய்யாது. இந்த மருந்துகளின் லேபிளில் பயிர்களுக்குத்தான் அளவு எழுதியிருக்கும், எச்சரிக்கைகள் எல்லாம் அப்படியே உங்களுக்கும் பொருந்தும், படித்துவிட்டு அடியுங்கள்.

டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களைப் பற்றியும் பலர் கேட்பார்கள். எனக்கு இவற்றின் மேல் நம்பிக்கை உண்டு, ஆனால் வந்த நோயைத் துரத்த அல்ல. ஆவணியில், மழைக்கு முன்பே, மக்கிய தொழுவுரத்தில் கலந்து நிழலில் ஈரமாக வைத்திருந்து தூவ வேண்டும். கார்பெண்டாசிம் அடித்த மண்ணில் டிரைக்கோடெர்மா செத்துவிடும், அதுவும் ஒரு பூஞ்சைதானே. இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். புளித்த மோர் தெளித்தால் கெடுதல் இல்லை, ஆனால் தூர் அழுகும்போது அதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

மருந்து அடித்த தரையைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். வெட்டிய புல்லைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுப்பது நம் ஊரில் நல்ல பழக்கம். இந்தப் பருவம் முழுக்க அதை நிறுத்திவிடுங்கள். ஆட்டுக்கும் கூடாது, முயலுக்கும் கூடாது. தரை ஓரத்தில் தானாக வளர்ந்திருக்கும் அருகம்புல்லைப் பிள்ளையாருக்கும் ஜூஸுக்கும் யாராவது பறிப்பார்கள், வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். அடிக்கும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. கரைசல் நன்றாகக் காயும்வரை குழந்தைகளும் நாயும் தரையில் இறங்கக் கூடாது. சமையலறைக் கரண்டியில் மருந்து அளக்காதீர்கள்.

மருந்து அடித்த மறுவாரம் வட்டம் அப்படியே பழுப்பாக இருக்கிறதே என்று மனம் விட வேண்டாம். செத்த இலை பச்சையாகாது. ஓரத்தில் நாலு பக்கமும் ஒரு குச்சி நட்டு வையுங்கள். இரண்டு வாரத்தில் மஞ்சள் குச்சியைத் தாண்டவில்லை என்றால் மருந்து வேலை செய்துவிட்டது. வெற்றிடத்தை ஓட்டுத்தண்டுகள் ஓடி மூட வேண்டும், மெக்சிகன் புல் மெதுவாகத்தான் ஓடும். ஓசூர், தளிப் பக்கக் குளிரில் மாசி கடந்துதான் அசைவே தெரியும், உங்கள் பக்கம் கொஞ்சம் முன்னால். பங்குனியில் உரம் வைத்து, சித்திரை முடிந்தும் மூடாத இடங்களில் மட்டும், நல்ல பகுதியிலிருந்து கையகலத் துண்டுகளை வேர்மண்ணோடு வெட்டி எடுத்து அரை அடி இடைவெளியில் நட்டுவிடுங்கள்.

குச்சியைத் தாண்டி மஞ்சள் நகர்ந்தால் நானும் நீங்களும் ஊகிப்பதை விட்டுவிட்டு மாதிரி எடுத்துக் காட்டுவது நல்லது. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையமோ உங்களுக்குப் பக்கம்தான், இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. வட்டத்தின் ஓரத்தில், பாதி பச்சை பாதி மஞ்சள் இருக்கும்படி நாலங்குலச் சதுரமாக வேரோடும் மண்ணோடும் வெட்டி எடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகி, வேறு பூஞ்சை ஏறிவிடும். செய்தித்தாளில் சுற்றி, அன்று காலையிலேயே கொண்டுபோங்கள். எந்த மருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு அடித்தீர்கள் என்பதையும், அந்த 2 கிலோ யூரியாவையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள்.